வலியின் முகவரி

நுழையும்முன்

உடலின் முழுப் பாரத்தையும் தாங்கும் பாதம், வலிக்கும்போது மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. அந்த வலி எலும்பிலிருந்து எழுகிறதா, நாணிலிருந்தா, நரம்பிலிருந்தா, குருதிக்குழாயிலிருந்தா என்று கண்டறிய மருத்துவர் முதலில் நாடுவது நோயாளியின் சொற்களை. ஆலையிலும் தறியிலும் வயலிலும் நாள் முழுவதும் நின்று உழைக்கும் கொங்கு மண்ணிலிருந்து, பாத வலியின் காரணத்தைத் தேடிச் செல்கிறது இப்பாடம்.

எங்கே வலிக்கிறது?

கால் வலிக்கிறது என்று கூறுவோரிடம் எந்த இடத்தில் என்று கேட்டால், உள்ளங்கையை விரித்துக் கணுக்கால் முதல் விரல்கள் வரை தடவிக் காட்டுவோரே மிகுதி. "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்று மருத்துவர் மீண்டும் கேட்பார். எளிய வேண்டுகோளாகத் தோன்றினும், காரணத்தைத் தேடும் முயற்சியில் பாதி வழியை அது கடந்துவிடுகிறது. ஒரு விரலால் தொட்டுக் காட்ட இயலும் வலி, பெரும்பாலும் அவ்விடத்து எலும்பையோ நாணையோ மூட்டையோ சார்ந்தது. அவ்வாறு காட்ட இயலாமல் பரவி நிற்கும் வலி, நரம்பு, குருதியோட்டம் அல்லது உடல் முழுவதையும் பற்றிய நோய் ஆகியவற்றின் பக்கம் நம் கருத்தைத் திருப்புகிறது.

இடத்தைக் கேட்பது ஏன் இவ்வளவு முதன்மையானது என்பதற்குப் பாதத்தின் அமைப்பே விடை தரும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இரு பாதங்களையும் சேர்த்தால் 52. மனித உடலின் 206 எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழே அடங்கியுள்ளது. இவ்வெலும்புகள் தட்டையாக அடுக்கப்படவில்லை. வில்லாக வளைந்து நிற்கின்றன. அவ்வில்லின் நாணைப் போலக் குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் வலிய நார்ப்பட்டை ஒன்று இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் குதிநாண், உடலிலுள்ள நாண்கள் அனைத்தினும் தடித்தது. கொங்கு நாட்டார் கரண்டை என்று வழங்கும் கணுக்காலில், கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் இடுக்கியைப் போல இருபுறமும் இறங்கிப் பாதத்தின் மேலெலும்பைக் கவ்விப் பிடிக்கின்றன. இவ்விடுக்கியின் வெளிக்கரம் உட்கரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து இறங்குகிறது. எனவே, பாதம் வெளிப்புறம் மடிவதைவிட உட்புறம் எளிதில் மடிகிறது. அவ்வாறு மடியும்போது வெளிப்பக்கத்து நார்கள் இழுபட்டுக் கிழிகின்றன. சுளுக்கியவர்களுள் பெரும்பாலோர் கணுக்காலின் வெளிப்பக்கத்தையே காட்டுவதற்கு இதுவே காரணம்.

இத்தனை உறுப்புகள் இவ்வளவு சிறிய இடத்தில் நெருங்கி அமைந்திருப்பதால் ஒரு விரற்கடை தள்ளினாலும் நோய் வேறாகிவிடும். குதிகாலின் அடியில், சற்று உட்புறமாக அழுத்தும்போது வலித்தால் நார்ப்பட்டை இழுபட்டுள்ளது எனக் கருதலாம். அடியில் அழுத்தாமல் குதிகாலை இருபக்கமும் உள்ளங்கைகளால் பிடித்து நெருக்கும்போது வலித்தால் எலும்பிலேயே விரிசல் இருக்கக்கூடும். பின்புறம் வலித்தால் குதிநாணை ஆராய வேண்டும். ஓடி விளையாடும் பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்கு அதே பின்புறத்தில் வலித்தால், இன்னும் முழுமையாக இணையாத வளர்முனை எலும்பு அதற்குக் காரணமாகலாம். நான்கும் 'குதிகால் வலி' என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. மருத்துவமோ நான்குக்கும் வெவ்வேறு.

வலிக்கு எத்தனை சொல்

இடத்தை அடுத்து மருத்துவர் கேட்பது வலியின் தன்மை. இவ்வகையில் தமிழ் பேசும் நோயாளி பெரும் செல்வம் உடையவர். கடுப்பு, உளைச்சல், குடைச்சல், குத்தல், எரிச்சல், இழுப்பு, மதமதப்பு, மரத்துப்போதல், சுள்ளென்று பிடித்தல், விண்விண்ணென்று தெறித்தல் எனப் பேச்சு வழக்கில் வலிக்குச் சொற்கள் நிரம்பியுள்ளன. இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று கொள்வது பொருந்தாது. நெடுநேரம் நடந்தவர் கால் கடுக்கிறது என்பார், எரிகிறது என்னார். சீழ் கோத்தவர் விண்விண்ணென்று தெறிக்கிறது என்பார், உளைகிறது என்னார். கெண்டைக்காலில் தசை திடீரெனச் சுருண்டு இறுகுவதைக் குரக்குவலி என்று தனிச்சொல்லால் குறிப்பர்.

எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவற்றைக் கூறுபவர் நரம்பின் துன்பத்தைக் கூறுகிறார். அவ்வுணர்வு இரு பாதங்களிலும் விரல்நுனியில் தொடங்கிக் காலுறை அணிந்தாற்போல மேலேறினால் நீரிழிவை எண்ண வேண்டும். ஒரு பாதத்தின் வெளிவிளிம்பில் மட்டும் இருந்து, இருமும்போது மின்னலெனத் தொடையின் பின்புறம் ஓடினால் நோய் பாதத்தில் இல்லை. முதுகெலும்பின் அடியில் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. நடக்க நடக்கக் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றவுடன் ஓரிரு நிமிடங்களில் தணிந்து, மீண்டும் அதே தொலைவு நடந்ததும் திரும்பினால், குருதிக்குழாய் சுருங்கியுள்ளது என்பதற்கு அது வலிய சான்று. பீடியும் சிகரெட்டும் புகைக்கும் இளைஞர்களின் கால்விரல்கள் குருதியின்றிக் கறுக்கும் நோயை 1908-இல் லியோ பர்கர் என்னும் மருத்துவர் விளக்கினார். இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இரவில் உறக்கத்தைக் கலைத்துக் கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை படுவதையும் பொறுக்க முடியாமல் வலித்தால் யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்கியிருக்கலாம்.

மருத்துவ நூல்களைப் பயின்றோர் சிலர் நோயாளியின் இச்சொற்களை ஒதுக்கிவிட்டு, "வலி பத்துக்கு எத்தனை?" என்று மட்டும் எண் கேட்பதுண்டு. அந்த எண் வலியின் அளவைக் கூறும், வகையைக் கூறாது. நோயை அறிந்து, அதன் முதற்காரணத்தை அறிந்த பிறகே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் திருவள்ளுவர் வகுத்த வரிசையில், முதல் இரண்டு படிகளும் நோயாளியின் வாய்மொழியிலிருந்தே தொடங்குகின்றன.

காலையில் எழும் வலி, மாலையில் எழும் வலி

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888-இல் நிறுவப்பட்டது. அதன் தோற்றத்தோடு ராபர்ட் ஸ்டேன்சின் பெயர் இணைந்துள்ளது. 1932-இல் பைகாரா நீர்மின் திட்டம் தொடங்கிய பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளைத் தொடர்ந்து வார்ப்பகங்களும் எந்திரப் பட்டறைகளும் தோன்றின. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிகள் ஓடத் தொடங்கின. திருப்பூர் பின்னலாடை நகரமாயிற்று. இவ்வரலாற்றைப் பஞ்சின் வரலாறாகவும் மின்சாரத்தின் வரலாறாகவும் எழுதியிருக்கிறார்கள். பாதங்களின் வரலாறாகவும் இதனை எழுதலாம். நூற்பாலையில் இழை அறுந்த இடத்தைத் தேடிச் சட்டங்களுக்கிடையே நடப்பவர், இரவுப் பணியில் தறிகளுக்கிடையே மாறிமாறிச் செல்பவர், துணியைப் பரப்பி நின்றுகொண்டே வெட்டுபவர், தையல் எந்திரத்தின் மிதியை வலக்காலால் அழுத்தி அழுத்தி எடுப்பவர் ஆகியோர் அனைவரும் இறுகிய சிமெண்டுத் தரையில் பாதத்தால் உழைப்பவர்கள். சென்னிமலையின் குழித்தறி நெசவாளரும் கண்ணுக்குப் புலப்படாத குழிக்குள் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார்.

இவர்களைக் காணும் மருத்துவர் கேட்கும் மூன்றாவது வினா: எப்போது வலிக்கிறது?

விடியலில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலில் முள் தைத்தாற்போல வலித்து, பத்துப் பதினைந்து அடி நடந்ததும் குறைந்து, நாள் முழுவதும் நின்றபின் மாலையில் மீண்டும் தலைகாட்டும் வலி, உள்ளங்கால் நார்ப்பட்டையின் வலியாகும். உறங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் அப்பட்டை தளர்ந்து சுருங்குகிறது. எழுந்தவுடன் உடலின் பாரம் முழுவதும் அதனைத் திடீரென்று இழுக்கிறது. நோயாளி கூறும் இந்தக் காலவரிசை ஒன்றே நோயை ஏறத்தாழ உறுதிசெய்துவிடும். ஆயினும், பலர் உடனே ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கொள்கின்றனர். அப்படத்தில் குதிகால் எலும்பிலிருந்து முள் போன்ற வளர்ச்சி ஒன்று தெரியும்போது, அதுவே குத்துகிறது என்று அஞ்சி அறுவை மருத்துவம் பற்றிக் கேட்கின்றனர். வலியே இல்லாத பலருக்கும் அம்முள் இருக்கிறது. முள் இல்லாத பலருக்கும் வலி இருக்கிறது. படத்தில் தெரிவதெல்லாம் நோயின் காரணம் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. கெண்டைத்தசையையும் உள்ளங்காலையும் நாள்தோறும் நீட்டும் பயிற்சி, மெத்தென்ற காலணி, பொறுமை ஆகியவற்றால் பெரும்பாலோர் ஓராண்டிற்குள் நலமடைகின்றனர்.

காலையில் அரைமணி நேரத்திற்கு மேலாகவும் மூட்டுகள் விறைத்து, இரு பாதங்களின் முன்பகுதியும் வீங்கியிருந்தால் முடக்குவாதத்தை ஆராய்வர். மாலையில் மட்டும் இரு கால்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்து, காலையில் வற்றினால் காரணத்தை இதயத்திலும் சிறுநீரகத்திலும் தேட வேண்டியிருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது காத்திருக்கத் தக்கதன்று; சிரையில் குருதி உறைந்திருக்கக்கூடும். காய்ச்சல் எப்போது வந்தது என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாவே. 2006-இல் தமிழகத்தில் சிக்குன்குனியா பரவியபோது காய்ச்சல் தணிந்து பல மாதங்களுக்குப் பின்னும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தோர் ஊர்தோறும் இருந்தனர். வளைந்து போதல் என்ற பொருளுடைய ஆப்பிரிக்க மக்கோண்டே மொழிச் சொல்லே அந்நோய்க்குப் பெயராயிற்று.

சுளுக்கா, முறிவா?

கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையின் ஏழு மலைகளை ஏறுவோர் கையில் மூங்கில் கோல் ஒன்றைப் பிடித்திருப்பர். ஏறும்போதைவிட இறங்கும்போதே அக்கோல் மிகவும் உதவும். களைத்த கால் கல்லில் சறுக்கி உட்புறம் மடிய, 'கடக்' என்ற ஒலியோடு கணுக்கால் வீங்குவதுண்டு. சுளுக்கு என்று எண்ணி எண்ணெயிட்டு அழுத்தி நீவுவது நம் வழக்கம். எலும்பு முறிந்திருப்பின் அந்நீவலால் முறிந்த முனைகள் விலகும். முறியாதிருப்பினும் முதல் இரு நாள்களில் அழுந்த நீவுவது வீக்கத்தை மிகுவிக்கும். அவ்வாறெனில் மடிந்த கணுக்கால் ஒவ்வொன்றுக்கும் படம் எடுக்க வேண்டுமா?

கனடாவின் ஒட்டாவா நகரத்தில் அயன் ஸ்டீல் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாவை எடுத்துக்கொண்டு, 1992-இல் எளிய விதிகளை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புமுனைகளின் நுனியையோ, அவற்றின் பின்விளிம்பில் ஆறு சென்டிமீட்டர் உயரம் வரையிலோ அழுத்தும்போது எலும்பில் வலிக்கிறதா? பாதத்தின் நடுப்பகுதியில் சிறுவிரல் பக்கத்து எலும்பின் அடியிலோ, உட்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பிலோ வலிக்கிறதா? அடிபட்டவுடனும், மருத்துவர் முன்னிலையிலும் நான்கு அடிகூட ஊன்றி நடக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றேனும் இருந்தால் படம் எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லையெனில் முறிவு இருப்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. விரல்நுனியும் நான்கு அடி நடையும் போதும். மலையடிவாரத்திலும் இதனைச் செய்யலாம். ஆனால், இவ்விதிகள் வலியை உணரும் கால்களுக்கே பொருந்தும். உணர்விழந்த கால்களுக்கும் மதுமயக்கத்தில் இருப்போர்க்கும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

குதிநாண் அறுவது மற்றொரு வகை. பின்னாலிருந்து எவரோ உதைத்தாற்போல இருந்தது என்று நோயாளி கூறுவார்; திரும்பிப் பார்த்தால் எவரும் இருந்திருக்க மாட்டார். அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைத்தசையைக் கையால் பிழிந்தால், நாண் முழுமையாக இருக்கும்போது பாதம் தானே கீழ்நோக்கி அசையும்; அறுந்திருந்தால் அசையாது.

அடிபடாமலே முறியும் எலும்புகளும் உண்டு. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து மக்கள் பழனிக்கு நடந்து செல்கின்றனர். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு நடப்போரும் உளர். ஆண்டு முழுவதும் நடந்து பழகாத கால், தொடர்ந்து சில நாள்கள் தார்ச்சாலையில் பாரத்தோடு நடக்கும்போது விரல்களுக்குப் பின்னுள்ள நீண்ட எலும்புகளில் மயிரிழை போன்ற விரிசல் விழக்கூடும். பிரஷ்யப் படைமருத்துவரான பிரைத்தாப்ட் 1855-இல் படைவீரர்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதினார்; ஆனால், வீக்கத்தின் காரணத்தை அவரால் காண இயலவில்லை. 1895-இல் ராண்ட்கன் ஊடுகதிர்களைக் கண்டறிந்த பிறகே அப்பாதங்களில் முறிவு இருப்பது புலப்பட்டது. அக்கதிர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை படத்தில் தெரியாமலே போகலாம். படம் நன்றாக இருக்கிறது என்பதைக் கேட்டு நடையைத் தொடர்ந்தால் விரிசல் முழு முறிவாகும். இத்தகைய இடங்களில், படத்தைவிட விரல்நுனி அழுத்தத்தில் எழும் வலியே நம்பத்தக்க சான்று.

தெரியுமா?

உலக மருத்துவ நூல்களில் 'மதுரைக்கால்' என்று ஒரு நோய் உண்டு. மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர் 1842-இல் இதனை விளக்கியதால் இப்பெயர் ஏற்பட்டது. வெறுங்காலோடு உழைப்போரின் பாதத்தில் முள்தைத்த வழியே கிருமி நுழைந்து, பல மாதங்களுக்குப் பின் கட்டியாகிப் புரையோடும். புண்ணிலிருந்து குருணை போன்ற துகள்கள் வெளிவரும். 1860-இல் பம்பாயில் பணியாற்றிய ஹென்றி வேண்டைக் கார்ட்டர் இதன் பூஞ்சைத் தோற்றத்தை ஆராய்ந்து நூற்பெயர் சூட்டினார். புகழ்பெற்ற 'கிரேயின் உடற்கூற்றியல்' நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே. துகள் கருநிறமாயின் பூஞ்சை, செந்நிறமாயின் பாக்டீரியா எனக் காரணத்தை ஊகிப்பர். இரண்டுக்கும் மருந்து வேறு. தொடக்கத்தில் வலி மிகக் குறைவு என்பதால் நோயாளர் காலம் தாழ்த்தியே வருகின்றனர்.

கொல்லிமலையில் பிறந்தவர்

இதுவரை வலியைச் சான்றாகக் கொண்டு காரணத்தைத் தேடினோம். சான்று சொல்ல வலியே இல்லாத பாதத்தை என்செய்வது? இவ்வினாவுக்கு உலகிற்கே வழிகாட்டியவர், கொங்கு நாட்டின் கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் பிறந்த பால் பிராண்ட். சமயப் பணிக்காக அம்மலையில் வாழ்ந்த ஆங்கிலத் தம்பதியரின் மகன் அவர். ஒன்பது வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

1947-இல் ராபர்ட் காக்ரேன் என்னும் தொழுநோய் மருத்துவர் அவரைச் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மடங்கிய கைகளையும் விரல் தேய்ந்த பாதங்களையும் அங்கே பிராண்ட் கண்டார். தொழுநோயரின் தசை தானே அழுகி உதிர்கிறது, அவர்தம் புண் ஆறாது என்பது அக்காலத்தில் மருத்துவரிடையேயும் நிலவிய எண்ணம். பிராண்ட் அவ்வெண்ணத்தை ஏற்கும்முன் வினவத் தொடங்கினார். ஒவ்வொரு புண்ணுக்கும் அதன் வரலாற்றைத் தேடினார். ஒருவர் சூடான பாத்திரத்தைப் பிடித்திருப்பார். மற்றொருவர் காலணிக்குள் இருந்த ஆணியின் மேல் நாள் முழுவதும் நடந்திருப்பார். இரவோடு இரவாக விரல் குறைந்த நோயாளிகளின் அருகே கண்விழித்துக் காத்தபோது, உறங்குவோரின் உணர்விழந்த விரல்களை எலி கடிப்பது தெரியவந்தது. அழிவுக்குக் காரணம் அழுகும் தசையன்று. நோயால் நரம்பு செத்து, வலி உணரப்படாமற் போனதே என்ற முடிவுக்கு அவர் வந்தார். புண்பட்ட பாதத்திற்கு மாவுக்கட்டுப் போட்டு, பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பி, புண்ணின் மேல் நடக்காமல் காத்தால் ஆறாது என்று கைவிடப்பட்ட புண்களும் ஆறின. இம்முறைக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் முன்னோடிகள் இருந்தனர், பரவலாக்கியவர் பிராண்ட்.

நலமுள்ளோர் பாதத்தில் ஏன் அவ்வாறு புண் ஏற்படுவதில்லை என்பதையும் அவர் ஆராய்ந்தார். நெடுந்தொலைவு நடப்பவர் தம்மையறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறார். குதிகால் நொந்தால் பாரம் முன்பாதத்திற்கும், முன்பாதம் நொந்தால் வெளிவிளிம்பிற்கும் நகர்கிறது. வலி என்று நாம் உணர்வதற்கு முன்பே உடல் அதன் குறிப்பை ஏற்றுச் செயல்படுகிறது. உணர்விழந்த பாதமோ முதல் அடியையும் ஆயிரமாவது அடியையும் ஒரே இடத்திலேயே ஊன்றுகிறது. பெரிய காயம் எதுவும் வேண்டியதில்லை. சிறிய அழுத்தமே ஆயிரம் முறை திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தால் அவ்விடம் சூடேறி, உள்ளே நைந்து, பின்னரே மேலே புண்ணாக வெடிக்கிறது. ஆகவே, புண் தோன்றும்முன் வெப்பம் தோன்றுகிறது. புறங்கையால் தடவிப் பார்த்தே அவ்வெப்பத்தைப் பிராண்ட் கண்டுபிடிப்பார்.

இத்தகைய அறிஞரும் ஒருமுறை தவறான முடிவுக்கு வந்ததைத் தாமே எழுதியுள்ளார். அமெரிக்கப் பயணம் முடித்து இங்கிலாந்தில் இறங்கி, நெடுநேர ரயில் பயணத்திற்குப் பின் இலண்டன் விடுதியில் காலணியைக் கழற்றியபோது ஒரு குதிகாலில் உணர்வு இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோயரிடையே பல்லாண்டு பணியாற்றியவர்க்கு அதன் பொருள் ஒன்றாகத்தான் தோன்றியது. குடும்பத்தைப் பிரிந்து வாழ வேண்டிய எதிர்காலத்தை எண்ணி இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியைக் குத்தினார், வலியால் அலறினார். உடல்நலம் குன்றிய நிலையில், ரயிலில் அசையாமல் ஒரே நிலையில் அமர்ந்திருந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்தது, அவ்வளவே. அந்த வலியைப் போல மகிழ்ச்சி தந்தது பிறிதில்லை என்பது அவர் கருத்து. நோயாளிகளிடம் நாள்தோறும் கேட்கும் 'எப்போது தொடங்கியது?' என்ற வினாவை அன்றிரவு அவர் தம்மிடம் கேட்கவில்லை. அச்சம் வந்த இடத்தில் ஆராய்ச்சி விலகிவிடுகிறது. நோயாளியே மருத்துவராகும்போது இது பெரிதும் நிகழும்.

1966-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், உணர்விழந்தோர்க்குச் செயற்கை வலியை உண்டாக்க முயன்றார். கையுறையிலும் காலணியிலும் அழுத்தம் அறியும் கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது ஒலி எழுமாறு செய்தார். நோயாளிகள் அவ்வொலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி தருமாறு மாற்றினார். ஏதேனும் கடினமான வேலையைச் செய்ய விரும்பியபோது அவர்கள் விசையை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

வலிக்காத கால்

தொழுநோய் பெருமளவு கட்டுக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், அந்நோயரிடம் கற்ற பாடம் நீரிழிவு உடையோர்க்குப் பயன்படுகிறது. குருதியில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. எரிச்சலும் மதமதப்பும் இருந்த கால் ஒருநாள் அமைதியாகிவிடுகிறது. முன்பு எரிந்தது, இப்போது நலமாகிவிட்டது என்று நோயாளி மகிழ்கிறார். மருத்துவர் கவலை கொள்ள வேண்டிய சொல் அதுவே.

இதனைக் கண்டறியும் கருவிகள் வியப்பூட்டும் அளவுக்கு எளியவை. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, கண்ணை மூடியவரிடம் உணர்கிறீர்களா என்று கேட்பர். அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வு எப்போது நின்றது என்று கேட்பர். புறங்காலிலும் உள் கணுக்காலின் பின்னும் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பர். இரு பாதங்களின் வெப்பத்தையும் ஒப்பிடுவர். ஒரே இடத்தில் இரண்டு பாகை செல்சியசுக்கு மேல் வேறுபாடு தொடர்ந்தால் அது எச்சரிக்கை.

நீரிழிவு உடைய ஒருவரின் பாதம் ஒன்று திடீரெனச் சிவந்து, வெதுவெதுப்பாக வீங்கி, அதற்கேற்ற வலி இன்றி இருந்தால் சுளுக்கு என்றோ சீழ் என்றோ விரைந்து முடிவுகட்டுதல் கூடாது. உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். நரம்பிழந்த மூட்டுகளின் இவ்வழிவை 1868-இல் பிரான்சின் சார்க்கோ விளக்கினார். உடனே பாதத்திற்கு ஓய்வளித்து மாவுக்கட்டுப் போட்டால் காப்பாற்றலாம். நடந்துகொண்டே மருந்து உண்டால் பாத வில் உடைந்து அடிப்புறம் படகுபோல் பிதுங்கும். அங்கே புண் வரும். காலையே இழக்க நேரிடும்.

பங்குனி வெயிலில் கோவில் பிரகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு வலம்வருவோரும், பண்ணாரியில் குண்டம் இறங்குவோரும் உடைய கொங்கு நாட்டில் இச்செய்தி தனிப் பொருள் பெறுகிறது. நம்பிக்கையை இங்கு ஆராய வேண்டியதில்லை. உணர்வுள்ள பாதம் சுடும் கல்லிலிருந்து நிழலுக்குத் தாவும். உணர்விழந்த பாதம் கொப்புளம் எழுந்த பின்னும் நின்றுகொண்டே இருக்கும். நீரிழிவு உடைய பெரியவர்கள் கோவிலுக்குச் செல்லும்முன் தம் பாதம் எவ்வகையது என்று அறிந்திருப்பது நலம். இளையோர் அவர்கள் அமர்ந்திருக்கும்போது பாதத்தைத் திருப்பி உள்ளங்காலைப் பார்ப்பதும் நலம். கண் மங்கியவர்க்கும் குனிய இயலாதவர்க்கும் தம் உள்ளங்கால் ஒருபோதும் தெரியாது.

பழைய செருப்பு

மருத்துவரிடம் செல்லும்போது புதிய காலணி அணிந்து செல்வது பலர் வழக்கம். காரணம் தேடுபவர்க்கோ பழைய செருப்பே ஆவணம். குதிகாலின் வெளிவிளிம்பு சிறிது தேய்ந்திருத்தல் இயல்பு. உட்பக்கம் மிகுதியாகத் தேய்ந்திருந்தால் பாத வில் தாழ்ந்துள்ளது என்று ஊகிப்பர். நோயாளியை ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தச் சொல்வர். உயர்த்த இயலாவிடின் வில்லைத் தாங்கும் உட்பக்க நாண் தளர்ந்துள்ளது. ஒரு செருப்பு மட்டும் தேய்ந்திருந்தால் இடுப்பையோ முழங்காலையோ காப்பாற்றுவதற்காக நடை சாய்ந்துள்ளது. முன்பாதத்தில் ஓரிடம் மட்டும் பள்ளமாகியிருந்தால் அதற்கு நேர்மேலே கால் ஆணியோ, தோன்றவிருக்கும் புண்ணோ இருக்கும். தொழுநோயர்க்கென வேலூர்ப் பகுதியில் நுண்துளை ரப்பரால் செருப்புச் செய்தபோது, தேய்ந்த செருப்பின் அப்பள்ளங்களைப் பார்த்தே எங்கே மெத்தென்று அமைப்பது, எங்கே தாங்கல் கொடுப்பது என்று முடிவு செய்தனர்.

ஆதலின் பாத வலிக்காக மருத்துவமனை செல்பவர், நாள்தோறும் அணியும் செருப்பையே அணிந்து செல்லலாம். அதனைத் துடைத்துப் பளபளப்பாக்கவும் தேவையில்லை.